காலில் புண் இல்லை

அன்புள்ள கூட்டாளிக்கு,

புயலில் நம் கிடங்கின் கூரை பறந்ததே, அந்த வருஷம்தான் உனக்குக் கவட்டியில், தொடையிடுக்கில், கட்டி வந்தது. "காலைப் பாருடா, ஆணி ஏறியிருக்கும். நெறி கட்டியிருக்கு, புண்ணு ஆறினா தானா போயிடும்" என்றார் மேஸ்திரி. உன் காலில் புண்ணே இல்லை. இருமினால் புடைத்தது, படுத்தால் உள்ளே போனது. குடலிறக்கம் என்று அறுத்துத் தைத்தார்கள்.

பிறகு மேஸ்திரிக்கே வந்தது. அவர் காலில் நிஜமாகவே புண் இருந்தது. புண் ஆறியது, கட்டி கல்லாக நின்றது. வலிக்கவே இல்லை என்று சிரித்தார். அடுத்த மழைக்கு அவர் இல்லை.

இப்போது எனக்கு. புண்ணும் இல்லை, வலியும் இல்லை. படுத்தால் ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கிறது, ஒரு நாள் அப்படியே இருக்கிறது. இது உன்னுடையதா, அவருடையதா? ஒன்றும் புரியவில்லை. மருமகளிடம் சொல்லக் கூச்சம். இதை எழுதித் தரும் சலூன்காரர், "பெரியவரே, டாக்டர்கிட்ட காட்டுங்க, என்கிட்ட காட்டிடாதீங்க" என்கிறார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கூட வா. நம் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கியவர்களில் இன்னும் உயிரோடிருப்பது, குட்டையா, நீ ஒருவன்தான்.

இப்படிக்கு,
மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவன்