பனிப் போத்தலில் ஒரு கொழுந்து

சுலக்ஷனா,

நீ நன்றாகத் தூங்குவதால் எழுப்பவில்லை. அக்காவை அழைத்து வர நானுஓயா ஸ்டேஷனுக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

ஜாம் போத்தல்களில் நீ செய்த, குலுக்கினால் பனி கொட்டும் காட்சிகளில் நான்கு நன்றாக ஒட்டியிருக்கின்றன. பசை முழுதாகக் காயப் பத்து மணிவரை தொடாதே. ஐந்தாவதில் பிளாஸ்டிக் மரத்துக்குப் பதிலாக நிஜத் தேயிலைக் கொழுந்தை வைத்தாயே, அதன் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. “பனி கொட்டச் சொன்னா சாயத்தண்ணி போட்டு வச்சிருக்கியே” என்று நேற்றுச் சிரித்தேன். “அப்ப நீங்களே குடிங்க, மிச்சத்த குப்பையில ஊத்துறேன்” என்று போய்ப் படுத்துவிட்டாய்.

ஊற்றாதே. இப்போது ஜன்னலருகே வைத்துக் குலுக்கினேன். வெள்ளைத் துகள்கள் கொழுந்தின் மேல் மெதுவாக இறங்கின. தை மாதத்தில் உறைபனி விழுந்த மலையில் முதல் வெயில் படும்போது இதே நிறம்தான். மற்ற நான்கும் எந்த ஊரோ, எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கனடா புறப்படும் அக்காவுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். நீயே உன் கையால் கொடு.

பி.கு.: தண்ணீர் இருப்பதால் கைப்பையில் விடமாட்டார்கள். என் பச்சை சுவெட்டரில் சுற்றிப் பெரிய பெட்டியில் வை. சுவெட்டரும் போகட்டும். நேற்றுச் சிரித்த அப்பாவுக்குக் கொஞ்சம் குளிர்ந்தால் தப்பில்லை.