ஒன்றுவிட்டு ஒன்று

பிப்ரவரி 12, 2024
ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டு லேபுக்குப் போனேன். கேட்டிருந்த டிஎன்ஏ துண்டுகள் இரண்டும் வந்திருந்தன! ஒவ்வொன்றும் நூற்று நாற்பத்தேழு எழுத்து. செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருளையை ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலேயே சுற்றிக்கொள்ளும் நீளம்.

முதல் துண்டில் பத்து எழுத்துக்கு ஒருமுறை டி-ஏ என்ற எழுத்து ஜோடியை வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் டிஎன்ஏ நூல் சுலபமாக வளையும். இரண்டாவதில் எல்லா டி-ஏவையும் ஐந்து எழுத்து தள்ளிவிட்டேன். டிஎன்ஏ பத்து எழுத்துக்கு ஒருமுறை திருகும்; ஐந்து என்றால் அரைத் திருகு. வளையும் இடம் உருளைக்கு முதுகைக் காட்டும், நூல் சுற்றாது. செல்லுக்குள் டிஎன்ஏ எங்கே சுருண்டு அடங்குவது என்பதில் அதன் எழுத்து வரிசைக்கும் பங்குண்டு. ஐந்து வருடமாக நான் சொல்லிவருவது இதைத்தான்.

பிப்ரவரி 19
இரண்டும் ஒரே அளவு சுற்றிக்கொண்டன.

பிப்ரவரி 20
என் கைடு ஏசுரத்தினம் சார், சுற்றியது மேல்பட்டையாகவும் சுற்றாதது கீழ்ப்பட்டையாகவும் தெரியும் ஜெல் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “வரிசைய மாத்தியும் ஒண்ணும் மாறலயேம்மா. தீசிஸ்லருந்து இந்த அத்தியாயத்த எடுத்துரு. மீதிய வச்சு சப்மிட் பண்ணு.”

மீதி என்ன இருக்கு? அடுத்தவங்க செஞ்சத திரும்பச் செஞ்சது. அதுக்கா வண்டிப்பெரியார்லருந்து இங்க வந்து அஞ்சு வருசம் கெடந்தேன்?

அப்பா போன். “ஏம்மா, முடிஞ்சிருச்சா?”
“முடியப்போகுதுப்பா.”
எது முடியப்போகுது என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 24
இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பக்கத்து மேஜை ஜீவிதா, நல்லேப்பிள்ளிக்காரி, படத்தை எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க்கா, ரெண்டும் ஒண்ணுன்னா, ரெண்டும் தோத்துப்போச்சுங்களா, ரெண்டும் ஜெயிச்சுப்போச்சுங்களா?”

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றாவது தடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரண டிஎன்ஏ. அது அரைகுறையாகத்தான் சுற்றியிருந்தது. என்னுடைய இரண்டுக்கும் மேல்பட்டை அடர்த்தியாக, கன்னங்கரேலென்று. எழுத்து வரிசையால் பயனில்லை என்றால் என்னுடையவையும் அரைகுறையாகத்தானே சுற்றியிருக்க வேண்டும்?

அப்படியானால் இரண்டாவது ஏன் தோற்கவில்லை? பென்சிலால் வரைந்து பார்த்தேன். மடச்சி! எல்லா டி-ஏவையும் சேர்த்தே நகர்த்தியிருக்கிறேன். நூல் தானும் ஐந்து எழுத்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டது; அவ்வளவுதான். பத்துக்கு ஒன்று என்ற கணக்கு கலையவே இல்லை. கலைக்க வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஒன்றை நகர்த்த வேண்டும். ஒரு வளைவு உள்பக்கம், அடுத்தது வெளிப்பக்கம். ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

சாரிடம் ஓடினேன். அவர் என் பென்சில் படத்தில் வளைவுகளை விரலால் எண்ணினார். “மார்ச் இருபது உன் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. அதுவரைக்கும் பாரு.”

மார்ச் 11
மூன்றாவது துண்டு வந்தது. சாப்பிடவில்லை.

மார்ச் 15
சுற்றவில்லை!! மேல்பட்டை வெறும் நிழல். பெரும்பாலும் வெறும் டிஎன்ஏவாகக் கீழே இறங்கிவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் ஜீவிதா பிப்பெட்டைக் கீழே போட்டாள்.

சார் வந்தார். “எழுத்து எண்ணிக்கை?”
“அதேதான் சார். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இடம் மட்டும்தான் மாறியிருக்கு.”
“இன்னும் ரெண்டு தடவ ஓட்டு.”

மார்ச் 19
ஓட்டினேன். இரண்டு தடவையும் அதே.

மார்ச் 20
கமிட்டியில் நான் வாய் திறப்பதற்குள் சார் எழுந்தார். “தூக்கிப் போடுன்னு சொன்னவன் நான். போடாதது இவ.” பிறகு என்னைப் பார்த்து, “கடைசி அத்தியாயம் இல்லம்மா. இத முதல்ல வை.”

பாத்ரூமுக்குள் போய் அழுதேன். சிரித்துக்கொண்டுதான்.

ஜூன் 11
புனேயிலிருந்து ஒரு ஆய்வுக்கூடம் தாங்களும் சோதித்துப் பார்க்க என் மூன்று துண்டுகளையும் கேட்டிருக்கிறது. உலர்த்தி, மூன்று குட்டிக் குழாய்களில் அடைத்துக் கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“உள்ளுக்குள்ள ஒண்ணையும் காணமுங்களே?”

“இருக்குங்க” என்றேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதினேன்: செ. ஆனந்தி.