மீதி வீடு எங்கே?

மார்ச் 3, திங்கள்

காலையில் மாடிக்காரர் இறங்கி வந்தார். கையில் கட்டம் போட்ட தாள். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வெறும் வாயால் வாடகையை உயர்த்திவிடுவாரா? கோடு போட்டு, புள்ளி வைத்து, எங்கள் தெருவின் வாடகை நாலு வருடமாக ஏறிய அழகைப் பென்சிலால் காட்டினார். "நான் ஏத்தல தம்பி. கோடுதான் ஏறுது." மே ஒன்றிலிருந்து முப்பது சதவீதம் கூடுதல். முடியாதென்றால் ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

இப்போதே எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் பாதி இந்த வீட்டுக்குப் போகிறது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஃபிரிட்ஜைத் திறந்தால் சமையலறைக் கதவைத் திறக்க முடியாது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினால் ஜன்னல் வழியாக ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். அதையும் வாத்தியார் தாளில் 'கடல் காட்சி' என்று குறித்திருந்தார். வாளி எங்களுடையது என்பதைக் குறிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவி, இவள் கணக்கு வேறு. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. காலை ஐந்தரைக்கு மெஷின் முன்னால் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

அவளுடைய அக்கா போனில் வழி சொல்லிவிட்டாள். கடலிலிருந்து ஐந்து மணி நேரம் உள்ளே போனால் அவர்கள் ஊர். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள். இவளும் எங்கள் பெண் குட்டியும் அங்கே போய்விடலாம். நான் இங்கே யாரோடாவது அறையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

"லீவு கெடைக்கிறப்ப வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றாளாம். என் வீட்டுக்கே நான் விருந்தாளி. எனக்கு அழுகை வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

மார்ச் 8, சனி

மூன்று வீடு பார்த்தோம்.

முதல் வீட்டில் ஜன்னல் உண்டு. அது பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் திறக்கிறது. உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி தலையைத் தூக்கி, "எடுத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது வீட்டில் சமையலறையே அலமாரிக்குள் இருக்கிறது. சமையல் முடிந்ததும் சாத்திவிடலாம் என்று தரகர் பெருமையாகச் சாத்திக் காட்டினார். சமைக்கிறவள் உள்ளே நிற்பாளா வெளியே நிற்பாளா என்று இவள் கேட்டாள். தரகர் இன்னொரு தடவை சாத்திக் காட்டினார்.

மூன்றாவது நன்றாக இருந்தது. வாடகையைக் கேட்டதும் குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டோம்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பார்த்த வீட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கூரை என் தலையில் இடித்தது. அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

ஒரு விளம்பரத்தில். படத்தை ஓடிப்போய் இவளிடம் காட்டினேன். இடது பக்கம் உயரமான ஜன்னல், தரை முழுக்க வெயில், குட்டி ஓடி விளையாடுகிற அளவுக்கு ஹால். நடுவில் ஒரு சிவப்பு நாற்காலி, அதைச் சுற்றி இடமோ இடம். இவள் ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. வாடகையோ இப்போது கொடுப்பதைவிடக் குறைவு.

நான் வீடுகளைப் படமெடுத்துச் சம்பாதிக்கிறவன். ஏழு வருடமாக ஒரு வீட்டு ஏஜென்சிக்காக எடுக்கிறேன். படத்தைப் பார்த்து வீட்டை எடைபோடத் தெரியாதா எனக்கு?

முன்பணம் அனுப்பிவிட்டேன். "பாத்துட்டுக் குடுக்கலாமேங்க" என்றாள். "பாக்கப் போறதுக்குள்ள போயிடும்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை?

வீட்டுக்காரம்மா பெரிய வெயில் தொப்பியோடு வாசலில் நின்றிருந்தார். கதவைத் திறந்தார். உள்ளே போனோம். போனோம் என்றா எழுதினேன்? நான் போனேன். எனக்குப் பின்னால் இவள் நுழைய நான் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது. குட்டி வெளியே காத்திருந்தாள்.

ஹால், படுக்கையறை, எல்லாமே அந்த ஓர் அறைதான். பாயை விரித்தால் கதவு திறக்காது. குளியலறை மாடிப்படிக்குக் கீழே, மூன்று குடித்தனத்துக்குப் பொது.

"வர்றவங்க எல்லாம் இப்படித்தான் நிக்கிறாங்க" என்றார் தொப்பியம்மா. "உள்ள வந்து சுத்தும் முத்தும் பாத்துட்டு, மீதி வீடு எங்கன்னு கேக்குறாங்க. எட்டு மாசமா பூட்டியே கெடக்கு. உள்ளபடி ஃபோட்டோ எடுத்துப் போட்டிருந்தா யாராவது தனி ஆளு எடுத்திருப்பான். அந்த ஃபோட்டோ எடுத்தவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

அப்போதுதான் குட்டி வாசலிலிருந்து என் போனை நீட்டினாள். "அப்பா, இது நீ ஃபோட்டோ எடுக்கத் தூக்கிட்டுப் போற நாற்காலிதானே?"

சிவப்பு நாற்காலி. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. நடுவில் வைத்து எடுத்தால் பார்க்கிறவர்கள் அதைப் பெரியவர்கள் நாற்காலி என்று நினைத்துக்கொள்வார்கள். அறை தானாக இரண்டு மடங்கு ஆகிவிடும். இந்தத் தொழிலில் நானே கண்டுபிடித்த வித்தை அது. வைட் லென்ஸ், இடுப்பு உயரத்தில் கேமரா, மூலையில் முதுகை ஒட்டி நின்று — எல்லாம் நான்தான். எட்டு மாதத்துக்கு முன்னால். ஒரு நாளில் ஆறு வீடு எடுக்கிறவனுக்கு எது நினைவிருக்கும்?

இவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் மட்டும் உண்மையாகவே உயரம்.

தொப்பியம்மா முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். "உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு" என்றார். அந்த மூஞ்சிதான் அவர் எட்டு மாதமாகத் தேடிய மூஞ்சி. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

நேற்று திரும்பி வரும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் இவள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை. அக்கா அனுப்பிய கவர் வந்திருக்கிறது. உள்ளே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் படிவம்.

"நெரப்பி வைக்கிறேன். நெரப்புறதால ஒண்ணும் ஆயிடாது" என்றாள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். தகப்பன் முகவரி என்ற இடத்தை விட்டுவிட்டாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

முதலாளி இந்த வாரம் படமெடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியலைக் கொடுத்தார். மூன்றாவது முகவரியைப் படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

என் வீடு!

வாத்தியார் எங்கள் ஏஜென்சியிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "தெரிஞ்ச வீடுதானே, நல்லா எடுத்துக் குடுப்பா" என்று முதலாளி தோளில் தட்டினார். போகவர பஸ் செலவுகூட மிச்சமாம்.

மார்ச் 26, புதன்

எடுத்தேன். வஞ்சனையில்லாமல் எடுத்தேன். துணி காயப்போட்ட கயிற்றை அவிழ்த்தேன். மூட்டைகளை எல்லாம் குளியலறைக்குள் தள்ளினேன். பிறகு குளியலறையை எடுக்க அவற்றை ஹாலுக்குத் தள்ளினேன். கதவிடுக்கில் முதுகைக் கொடுத்து, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். நாற்காலியைக் குட்டிதான் அங்கும் இங்கும் நகர்த்தினாள். "இன்னும் தள்ளி வச்சா இன்னும் பெரிசாகும்பா" என்கிறாள். ஏழு வயது. தொழில் கையில் ஏறிவிட்டது. கடைசியாக வாளிமேல் ஏறி, தூரத்து லென்ஸைப் போட்டுக் கடலை எடுத்தேன். ஜன்னல் முழுக்கக் கடல்.

இவள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நிமிர்ந்தாள்.

"இந்த வீடு எங்கங்க இருக்கு? வாடகைக்குக் கெடைக்குமா?"

மார்ச் 29, சனி

வீடு பார்க்க ஆட்கள் வரும் முதல் சனிக்கிழமை. பதினோரு பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் என் படங்கள்.

ஒருவர் எங்கள் துணி அலமாரியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொரு அறைக்கு அதுதான் வழி என்று நினைத்தாராம். ஒரு அம்மாள் சிவப்பு நாற்காலியைப் பார்த்ததும், "ஐயோ, இவ்வளவு சின்னதா!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நாற்காலிதான் சின்னது என்றேன். அவர் வீட்டைச் சொல்லியிருக்கிறார்.

மீதி வீடு எங்கே என்று ஆறு பேர் கேட்டார்கள்.

ஏப்ரல் 5, சனி

இன்று பதினைந்து பேர். வந்தவர்களுக்கெல்லாம் இவள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசுகிறாள்.

"தண்ணி எல்லாம் ஒழுங்கா வருமாங்க?"

"தெனமும் வரும். எத்தன மணிக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"மேல சத்தம் இருக்குமா?"

"சார் நடக்குறப்ப மட்டும்தான். நல்லா நடப்பாரு. டாக்டர் சொல்லியிருக்காங்க."

அவர்கள் போன பிறகு, இதெல்லாம் நியாயமா என்று கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேன். பொய்யெல்லாம் உங்க படத்துலதான் இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் வேண்டுமென்றே செய்தேனா?

தொப்பியம்மா வீட்டில் எனக்கு ஒன்று புரிந்தது. படம் எவ்வளவு பெரிதோ, வந்து பார்க்கிறவனுக்கு வீடு அவ்வளவு சிறிது. அது தெரிந்த பிறகுதான் என் வீட்டை எடுத்தேன். ஏழு வருடத்தில் அவ்வளவு நன்றாக எதையுமே எடுத்ததில்லை. முதலாளி பாராட்டினார். வாத்தியார் பாராட்டினார். வேலையை ஒழுங்காகச் செய்தது ஒரு குற்றமா?

சரி, கொஞ்சம் தெரிந்துதான் செய்தேன். இங்கே எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 12, சனி

போச்சு.

கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று வந்தது. அவள் அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான், வீட்டை இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினேன். "க்யூட்டா இருக்கு" என்றாள் அந்தப் பெண். தண்ணீர் பற்றி இவள் சொன்னதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்தாம்.

சாயங்காலம் இவள் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். ஒன்றில் அவள் துணி, ஒன்றில் குட்டி துணி. என் துணியை எதில் வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "தனியா வை" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு என் லென்ஸ்மேல், வாத்தியார்மேல், அந்தக் கடல்மேல் எல்லாம் கோபமாக வந்தது. ஒரு விரல் அகலக் கடல். அதற்கா இவ்வளவு?

ஏப்ரல் 14, திங்கள்

கையெழுத்துப் போட ஜோடி பெண்ணின் அம்மாவையும் கூட்டி வந்தது.

அம்மா வாசலிலேயே நின்றார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். படத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி படம். மறுபடி வீடு.

"மீதி எங்கடி?"

அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். குனிவதற்கு இடமில்லை.

ஏப்ரல் 19, சனி

வாத்தியார் இறங்கி வந்தார். கையில் புதுத் தாள். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், எடுத்தவர்கள் பூஜ்யம். கோடு தாளோடு தாளாகப் படுத்துக் கிடந்தது. மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் எவ்வளவு நஷ்டம் என்று கீழே இரண்டு அடிக்கோடு.

"பழைய வாடகையே குடுங்க. ஒரு வருஷத்துக்கு எழுதிக்கலாம்" என்றார். முகத்தில் களைப்பு. சனிக்கிழமைகளில் அவரும் பாவம் ஏறி இறங்கியிருக்கிறார்.

நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். இவள் முந்திக்கொண்டாள். "சார், அந்தச் சமையலறைக் குழாய் ஒரு வருஷமா ஒழுகுது."

"மாத்திடலாம்மா."

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சார், அந்தப் படமெல்லாம்... லென்ஸ்தான். வீடு அவ்வளவு இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியாதா தம்பி? மேல நான் இருக்கிறதும் இதே அளவுதானே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அந்தப் படத்தப் பாத்தப்ப, அடடா, அம்பது சதவீதம் கேட்டிருக்கலாமேன்னு தோணுச்சு."

ஏப்ரல் 21, திங்கள்

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் குட்டி கப்பல் வரைந்துவிட்டாள். யாரும் திட்டவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தொப்பியம்மா வீட்டுக்குப் போனேன். நான்தான் அவன் என்று சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு நாற்காலி இல்லாமல், சாதா லென்ஸில், கதவைத் தொடுகிற பாயோடு எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

மே 3, சனி

தொப்பியம்மா வீட்டுக்கு ஒரு தனி ஆள் வந்துவிட்டாராம். போனில் சொன்னார். மறுபடியும் கொஞ்சம் திட்டினார்.

எங்கள் வீட்டு விளம்பரத்தை நீக்கச் சொல்லி முதலாளியிடம் நினைவுபடுத்த வேண்டும் என்று நினைத்து மறந்தே போனேன். அதன் பலன் இன்று வந்தது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, இவ்ளோ பெரிய வீட்ட வச்சுக்கிட்டா என்கிட்ட எடமில்லன்னு அழுத? கடல் வேற ஜன்னல் முழுக்கத் தெரியுது! லீவுக்கு நாங்க அஞ்சு பேரும் வர்றோம். பத்து நாள்."

மே 10, சனி

வந்துவிட்டார்கள். அக்கா, சகலை, மூன்று பிள்ளைகள், ஏழு பெட்டி. அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். இவள் அதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மீதி எங்கடி?"

பெட்டிகள் கட்டிலுக்கு அடியில், பிள்ளைகள் கட்டிலுக்கு மேல். ஃபிரிட்ஜைத் திறக்கிறவர் முன்கூட்டியே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று சகலை சட்டம் போட்டிருக்கிறார். குளியலறை வாசலில் வரிசை நிற்கிறது. குளிக்க இல்லை, வாளியில் ஏறிக் கடல் பார்க்க. வரிசைக்குக் குட்டிதான் மேனேஜர்.

மத்தியானம் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கப் பார்த்தேன். சாதா லென்ஸில் பாதிப் பேர்தான் படத்தில் விழுந்தார்கள். பின்னால் போகலாமென்றால் முதுகு ஏற்கெனவே கதவில். பையிலிருந்து வைட் லென்ஸை எடுத்து மாட்டினேன். நாற்காலியையும் நடுவில் போட்டேன். சகலை அதில் உட்கார்ந்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஓரத்தில் இருப்பதை அந்த லென்ஸ் இழுத்துவிடும் என்பதால் அக்காவின் கை மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. மற்றபடி ஏழு பேரும் விழுந்திருக்கிறார்கள். யாரும் வெளியே இல்லை.