அத்தர் மணக்கும் வேன்

கிண்ணியா,
வியாழக்கிழமை.

அன்பு மகன் றிஸ்விக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா ஓட்டும் வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழே அடுப்புக் காஸ் சிலிண்டரை வைத்தவன் நீ. சுகம் விசாரிக்க முன்பே இதை எழுதிவிட்டேன், பிறகு எழுதலாம் என்று விட்டால் கை வேறு எதையாவது எழுதிவிடும். கட்டாரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. வாப்பாவுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது, தங்கச்சி றுஷ்தா சோதனைக்குப் படிக்கிறாள், கூரை ஒழுகிய இடத்துக்குத் தகரம் போட்டாயிற்று, ஆனால் வேன் போய்த் திரும்பும்வரை எனக்கு ஒரு வாய்த் தேத்தண்ணீர் இறங்குவதில்லை. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நான் உன்னோடு கதைக்கும்போது வாப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுச் சிரிப்பார். றுஷ்தாவின் போனில் களவாகக் குரல் பதிவு அனுப்பினேன், நீ கேட்டுவிட்டாய் என்று காட்டியது, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. விரலுக்கு நான் என்ன பதில் சொல்ல? அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் அறைத் தோழன் அன்ஸாரின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

நீ அந்தச் சிலிண்டரை வேனில் பொருத்திப் பூட்டிய காலத்தைக் குறை சொல்லவில்லை. பெற்றோல் வரிசையில் வேன் நாட்கணக்காக நின்றது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தார்கள், நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். யாரோ செய்ததைப் பார்த்து நீயும் வேனைக் காஸில் ஓட்ட ஒரு குழாய், ஒரு ரெகுலேட்டர், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச் என்று பூட்டினாய். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் காஸுக்கு மாற்றி, பாலத்தில் இழுக்காவிட்டால் திரும்பவும் பெற்றோலுக்குத் தட்டுங்கள் என்று வாப்பாவைப் பழக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். வரிசை முடிந்தது, நாடு திருந்திவிட்டது என்று டீவியில் சொல்கிறார்கள், சிலிண்டர் மட்டும் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. காஸில் ஓடினால்தான் கையில் ஏதாவது மிஞ்சுகிறது, வேன் காசைக் கூட்டினால் பெற்றோர் வேறு வேன் பிடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் மலிவான வேன் வேண்டும், அது எப்படி மலிவாக ஓடுகிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. பாலத்தடியில் நிற்கும் ட்ராபிக்காரன் தலைகளை எண்ணுவான், லைசனைப் பார்ப்பான், பிள்ளைகளின் காலடியைப் பார்க்க மாட்டான். பள்ளிக்கூடத்தில் கேட்டால், கேற்றுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். புகைச் சோதனைக்குப் போகும் நாளில் மட்டும் சிலிண்டர் கழன்று குசினிக்குள் அடுப்படிக்கு வந்து நல்ல பிள்ளையாக நிற்கும், சேட்டிபிகேட் கிடைத்ததும் திரும்பவும் ஏறிவிடும். வாகனத்துக்கென்றே செய்த காஸ் தாங்கி இருக்கிறதாம், முறையாகப் பூட்டுவதென்றால் கொழும்புக்குப் போ என்கிறார்கள். கொழும்பில் உள்ளவனுக்கு முறை, எங்களுக்கு அடுப்புச் சிலிண்டர்.

இவ்வளவு நாளும் நான் பொறுத்திருந்ததற்குக் காரணம் என் மூக்கு. கொரோனா வந்து போனபிறகு வாப்பாவுக்கு ஒரு மணமும் தெரியாது என்பது உனக்குத் தெரியும், கருவாடு கருகிப் புகை பறக்க அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நீயே சிரித்தாய். காஸ் கசிந்தால் அழுகிய முட்டை மணத்தில்தான் தெரியும், அந்த மணம் தெரியாத மனிசனின் கையில் நீ காஸைக் கொடுத்தாய். அதனால் காலையில் வேன் கதவைத் திறந்து, சீட்டுக்கடியில் தலையை விட்டு மோந்து பார்த்து, நான் சரி என்ற பிறகுதான் வெளிக்கிட விடுவேன். ரோட்டில் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்று இருந்தேன். போன மாதம் யாரோ ஒரு தாய் வேனுக்குள் ஏதோ நாறுகிறது என்று சொல்லிவிட்டார். வாப்பா அத்தர் வாங்கி வந்து சீட்டு உறைகளில் ஊற்றினார். அவருக்கு அந்த மணமும் தெரியாதே, போத்தலைக் கவிழ்த்தேவிட்டார். மறுநாள் தலையை உள்ளே விட்டால் கலியாண வீடு மாதிரி மணக்கிறது, அதற்குள் காஸ் இருக்கிறதா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் மூக்குள்ளவர் ஒருவருமில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை, வேன் கண்ணாடிகள் எல்லாம் பூட்டு. பக்கத்து வீட்டு ஸல்ஹாவின் மகள் ரிப்கா, இரண்டாம் வகுப்புப் பிள்ளை, "மாமா, அத்தருக்குள்ள கூழ்முட்ட மணக்குது" என்றாளாம். பின் சீட்டுப் பையன்கள் "முனீப்தான் விட்டான், முனீப்தான் விட்டான்" என்று கத்த, முனீப் அழ, வாப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். இதைப் பகிடியாக எனக்குச் சொன்னவரே அவர்தான். வீட்டுக்கு வந்த ரிப்கா சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துவிட்டுத் தலையிடி என்று படுத்துவிட்டாள். நான் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்க் குழாய் பூட்டிய இடத்தில் பூசினேன் மகன், காஸ் கசிந்து நுரை பொங்கிப் பொங்கி வந்தது. காஸ் மேலே போகாதாம், தண்ணீர் மாதிரி அடியில் தேங்குமாம், அதாவது பிள்ளைகளின் சப்பாத்துகள் இருக்கிற இடத்தில். வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பேனரால் இறுக்கினார், நுரை நின்றது, "இப்ப சரிதானே, என்னத்துக்கு ஊரக் கூட்டுறாய்" என்றார். கழற்றுங்கள் என்றேன். "என்ட மகன் பூட்டினது. அவன் சொன்னாக் கழட்டுறன், நீ சொல்லி ஏலாது" என்றார். மூக்கில்லாத மனிசன் மணத்தப் பத்திக் கதைக்க வேணாம் என்று நானும் சொல்லிவிட்டேன், அதற்கும் சிரித்தார். யாரைக் கண்டாலும் அந்தச் சுவிட்சைத் தட்டிக் காட்டி இது என் மகனின் மூளை என்று சொல்லித் திரிகிறவர், என் சொல்லுக்கு எப்படிக் கழற்றுவார்?

மறுநாளே றுஷ்தாவை வேனில் அனுப்புவதை நிறுத்தினேன், பஸ்ஸில் போகிறாள். ஸல்ஹா மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன ராத்தா, வேன்காரர்ர மகள் பஸ்ஸில தொங்கிட்டுப் போறா? எங்கட புள்ளைகளுக்குத்தான் ராஜ சீட்டோ?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். றுஷ்தாவுக்கு வேனில் தலைசுற்றுகிறது என்றேன். அவளுடைய மகளுக்கும் தலை சுற்றியதுதான், அவள் அதை மழையில் நனைந்ததால் வந்தது என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறாள். என் பிள்ளையை இறக்கிவிட்டு அவளுடைய பிள்ளையை நான் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன் றிஸ்வி. நேற்றும் ஏற்றினேன், இன்றைக்கும் ஏற்றினேன், ரிப்கா எனக்குக் கைகாட்டிக்கொண்டு போனாள். ஸல்ஹாவிடம் உண்மையைச் சொன்னால் மாலைக்குள் ஊருக்கே தெரியும், வேன் நிற்கும், வாப்பாவைப் பொலிஸ் கொண்டுபோகும், பிறகு இந்த ஊரில் அவரை நம்பி ஒரு பிள்ளையை யார் அனுப்புவார்கள்? சொல்லாவிட்டால் நடப்பதை என்னால் நினைக்கவே ஏலாது. குடாவில் களவாக டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்களே, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுகிறேன், பாலத்துப் பக்கம் புகை எழும்புகிறதா என்று பார்க்கிறேன். நேற்று அரிசி களைந்த சட்டி உடைந்தது. உன் வாப்பாவும் அந்த வேனுக்குள்தான் இருக்கிறார் என்பதை உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அங்கே நீ ஓட்டும் கம்பனி வாகனத்தில் ஒரு விளக்கு எரியாவிட்டாலும் வெளியே எடுக்க விட மாட்டார்கள் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அரபிக்காரனின் சாமானுக்கு இருக்கிற காவல் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா? இதை வாசித்த கையோடு வாப்பாவுக்குப் போன் எடு. கவனமாக ஓடுங்கள், பயப்படாதீர்கள் என்ற கதை வேண்டாம். "நான் பூட்டினது பிழை வாப்பா, இண்டைக்கே கழட்டுங்க" என்று சொல். பிழை என்ற சொல் உன் வாயிலிருந்து வர வேண்டும், அது இல்லாமல் அவர் கழற்ற மாட்டார். வருமானம் குறைந்தால் நான் இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுவேன், அதைப் பற்றி நீ யோசிக்காதே.

அல்லாஹ் உன்னைக் கண்ணேறிலிருந்தும் விபத்துகளிலிருந்தும் காப்பானாக, உன் உழைப்பில் பரக்கத் தருவானாக. சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. அன்ஸாரிடம் மாசிச் சம்பல் கொடுத்திருக்கிறேன், அறையில் உள்ளவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு. நீ வாப்பாவோடு கதைக்கும்வரை அந்தப் பிள்ளை ரிப்காவை ஒவ்வொரு காலையும் நான்தான் ஏற்றிவிட வேண்டும். எப்போது போன் எடுக்கிறாய், சொல்.

உன் உம்மா,
ரபீக்கா