சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது

செங்து,
9 நவம்பர் 1983

அன்புள்ள யுன்ஃபாங்குக்கு,

இங்கு நான் நலம். குன்மிங்கில் உன் அக்கா வீட்டில் இன்னும் குளிர் தொடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். போன மாதம் கிளம்பும்போது கனத்த கோட்டை விட்டுவிட்டு, 'ட்ஸோ' என்ற சொல்லின் மேற்கோள் அட்டைகளைப் பெட்டியோடு எடுத்துப் போயிருக்கிறாய். உன் கோபத்தின் அளவை அகராதி அலுவலகம் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டது.

ஊறுகாய்ச் சாடியில் வெள்ளை பூத்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சாராயம் ஊத்துங்க வாத்தியாரே. சாடியில ஊத்துங்க, வாயில இல்ல" என்றார். ஊற்றினேன்.

வேலை நடக்கிறது. 'முடிப்பது' என்று பொருள்பட்ட 'லியாவ்' ஒரு காலத்தில் உழைத்துச் சாப்பிட்ட வினைச்சொல். இன்று மற்ற வினைகளின் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அது இல்லாமல் வாக்கியம் நகர்வதில்லை. இது எப்படி நேர்ந்தது என்று புதிதாகச் சேர்ந்த பாங் கேட்டார். நம் துணை இயக்குநரை ஒரு வாரம் கவனிக்கச் சொன்னேன்.

இனி, எழுதத் தயங்கிய விஷயம். 'ட்ஸோ' பழங்காலத்தவர்களுக்கு ஓடுவது, நமக்கு நடப்பது. யுவான் வம்சத்தின் காலத்திலேயே அது நடக்கத் தொடங்கிவிட்டது என்று நீ எழுதிய அட்டையைப் பதினேழு பேர் முன்னால் சிவப்பு மையால் அடித்தேன். "சமையல்கட்டுல அகராதி எழுதினா இப்படித்தான்" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சென்ற வாரம் யுவான் காலத்து வைத்தியக் குறிப்பு ஒன்று கிடைத்தது. கால் விழுந்த நோயாளி தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஐம்பது அடி 'ட்ஸோ' செய்ய வேண்டுமாம். அப்படி ஓடச் சொல்லும் வைத்தியர் எந்த வம்சத்திலும் இருந்திருக்க முடியாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதே பதினேழு பேருக்கும் அதை வாசித்துக் காட்டினேன். நீ சொன்னதே சரி, நான் அடித்தது தவறு, அன்று பேசிய பேச்சு அதைவிடத் தவறு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தேநீர்க் கோப்பையின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்த அட்டையை எழுதியவர் கையாலேயே திரும்ப எழுத வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டாம் தேதி அகராதி அச்சுக்குப் போகிறது. "தபால்ல அனுப்பச் சொல்லுங்களேன். அதுக்காக அந்தம்மா அவ்வளவு தூரம் வரணுமா?" என்றார் துணை இயக்குநர். தபாலை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தால் துணை இயக்குநருக்குத் தெரிய வேண்டாம். புறப்பட்டு வா.

உன்,
ஷாங் பெய்லின்