ஓட்டை இல்லாத பல்

ஐப்பசி 12, செவ்வாய்

இன்று மயிலாடுதுறையில் என் மகள் கயலுக்குச் சொத்தைப் பால்பல்லைப் பிடுங்கினார்கள். பார்வையில்லாத பிள்ளை, பல் பிடுங்கும் குறடை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும் என்று கேட்டேன். "தொட்டு என்னம்மா தெரியப் போவுது?" என்றார் டாக்டர். வலிக்காது என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். பிடுங்கியதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியலாம் என்று சாயங்காலம் பல்லை அவள் கையில் வைத்தேன். தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இதுல ஓட்டையே இல்ல."

வாங்கிப் பார்த்தேன். பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருந்தது. பஞ்சில் சுற்றியது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. எறியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வாயைத் தொற, சொத்தை இன்னும் இருக்கான்னு செல் வெளிச்சத்துல பாக்குறேன்" என்றேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். தூங்கப் போகும்போதுதான் பேசினாள்.

"வலிக்காதுன்னு நீயும்தானே சொன்ன?"