நாலு பேர் காதுக்கு ஒரு பெட்டி

8 ஜூலை, செவ்வாய்

விடியக்காலையிலேயே சாரல். மாடித் தகரத்துல ஒரே சத்தம். வீட்டுலயே ரெக்கார்டிங் பண்ணினா இதான் கதி. பதினோரு மணி வரைக்கும் மைக்கே போட முடியல.

அப்புறமும் ஒண்ணும் தேறல. வீரகேரளம்புதூர் பார்ட்டிக்கு, மக கல்யாண வீடியோவுக்காக மூணு ஜோடிப் பாட்டு. போன சீசன்ல ஐந்தருவி மேடையில கனியும் அருளும் பாடுனதைக் கேட்டவரு. அந்தப் புருசன் பொண்டாட்டியேதான் பாடணுமாம். என் தங்கச்சி கனி அருளை விட்டுட்டு எட்டு மாசமா என் வீட்டுல கிடக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும். நானும் சொல்லல. இதுலயாவது ரெண்டும் ஒண்ணு சேராதான்னு ஒரு நப்பாசை. பார்த்துக் கட்டி வச்சவ நான்லா.

கனி படுக்கையறையில். மாசானம் அண்ணன் டோலக்கோட அடுப்படியில். அருள் ஹால்ல, என் மேசைக்குப் பக்கத்துல. நாலு ஹெட்போன், எல்லாம் ஒரே வயர்ல பிரிச்சது. ஒருத்தருக்குக் கூட்டினா எல்லாருக்கும் கூடுது. அண்ணனுக்குத் தாளத்து டிக்டிக் பலமா வேணும். கனிக்கு அதுவே தலைவலி.

பல்லவி முடியிறதுக்குள்ள அருள் கழட்டி வச்சுட்டான். "மைனி, அவ குரல் என் காதுல வரக்கூடாது. வந்தா எனக்குப் பாட வராது."

கதவு சாத்தியிருந்துச்சு. ஆனாலும் ஹெட்போன் வழியா கனிக்குக் கேட்டிருக்கும். மைக் ஆன்ல இருந்துச்சே.

9, புதன்

சாம்பார்ல உப்பு போட மறந்தேன். கனி அப்படியே சாப்பிட்டா. அவளுக்கு உப்பும் தெரியல.

ஹெட்போனுக்குச் சத்தம் பிரிச்சு அனுப்புற பெட்டி, ஆம்ப்னு பேரு, அதை நெட்ல பார்த்தேன், காலையிலிருந்து. கண்ணு எரியுது.
– சின்னது: நாலு பேர் மாட்டலாம், ஆளுக்கொரு குமிழ். சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனா கேக்கிறது எல்லாருக்கும் ஒரே கலவை. கனி குரல் இருக்கத்தான் செய்யும். ஆகாது.
– பெருசு: ஒவ்வொரு ஹெட்போனுக்கும் தனி இன்புட். யார் காதுல எது எவ்வளவுன்னு நான் கம்ப்யூட்டர்ல பிரிச்சு அனுப்பலாம். என் சவுண்ட் கார்டுல நாலு அவுட்புட் இருக்கு. ஸ்பீக்கரைக் கழட்டினா ஆளுக்கு ஒண்ணு.

பெருசுதான். திருநெல்வேலி கடைக்கார அண்ணாச்சிகிட்ட சொல்லியாச்சு.

சேர்த்து வைக்கத்தான் கூப்பிட்டேன். இப்ப ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேக்காம இருக்க மிஷின் தேடுதேன்.

ஐப்பசியில, ஆறாம் மாசத்துல கனிக்குப் பிள்ளை தவறிப் போச்சு. அன்னைக்கு அருளுக்குக் கொட்டாரக்கரையில கச்சேரி. போனை எடுக்கல. அதைப் பத்தி ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

11, வெள்ளி

பெட்டி பஸ்ல வந்துச்சு. தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் மழையில நின்னு வாங்கினேன். என் நைட்டி எல்லாத்தையும் கனி துவைச்சுப் போட்டிருக்கா. ஒண்ணும் காயல.

வயர் நாலும் சரி. நாளைக்கு சாமிகிட்ட எதுக்காக வேண்டணும்னே தெரியல.

12, சனி

அருள் காதுல கனியைச் சுத்தமா எடுத்துட்டேன். பாடினான். ஆனா பாட்டு செத்துப்போச்சு. அவ நிறுத்துற இடத்துல இவன் இழுக்கான். அவ மூச்சு வாங்குற இடத்துல இவன் முந்துதான். நாலு டேக். மாசானம் அண்ணன் அடுப்படியிலருந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாரு.

அஞ்சாவது டேக்ல தப்பு பண்ணினேன். அவன்கிட்ட சொல்லாம கனி குரலைத் துளியூண்டு ஏத்தினேன். இன்னும் துளி. பாட்டு சரியா உக்காந்துச்சு. சரணம் வரைக்கும் அப்படியே போச்சு.

அங்கன நிறுத்திட்டான். ஹெட்போனைக் கழட்டிட்டான். சண்டை போடுவான்னு பார்த்தேன். சன்னலைப் பார்த்துக்கிட்டு மெதுவாப் பேசினான்.

"அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சு வேன்ல ஏறித்தான் போனைப் பார்த்தேன், மைனி. பதினொரு வாய்ஸ் மெசேஜ். ஹெட்போன் மாட்டித்தான் கேட்டேன். கடைசி மெசேஜ்ல அவ பேசவே இல்ல. மூச்சு மட்டுந்தான். இப்பமும் ஹெட்போன்ல அவ மூச்சு வாங்கினா எனக்கு அந்த வேன்தான்."

அவன் மைக் ஆன்ல இருந்துச்சு. மாசானம் அண்ணன் தன் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு டீக்கடைக்கு இறங்கிட்டாரு.

என் காதுல கனி: "அக்கா, அவரை மாட்டச் சொல்லு. என் குரலைக் கூட்டி வையி."

மாட்டினான். கூட்டி வச்சேன். என்னோடதைக் கழட்டிட்டேன். திரையில கனி மைக்கோட பச்சைக் கோடு ஏறி ஏறி இறங்குது, ரொம்ப நேரம். அருள் துண்டை வச்சு மூஞ்சியைப் பொத்திக்கிட்டான். கடைசியில "சரி"ன்னான். அவ்வளவுதான்.

அப்புறம் மூணு பாட்டும் பாடி முடிச்சாங்க. கனி குரல் அவன் காதுல முழுசா. அஞ்சு மணிக்கு அருள் கிளம்பிட்டான். டீ வேண்டாம்னுட்டான்.

ரெக்கார்டிங் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கனி பேசினதெல்லாம் அதுல இருக்கு. கேக்காம அழிச்சேன். அழிச்சுட்டு அழுதேன்.

13, ஞாயிறு

சாரல் இல்ல. நல்ல வெயில்.

பார்ட்டி போன். பாட்டைக் கேட்டுட்டு வீட்டம்மா அழுதாங்களாம். புருசன் பொண்டாட்டி பாடினா அது தனிதானாம். ரெண்டு பேரும் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்னாரு. வருவாங்கன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்.

வாங்க வேண்டியது: புளி, சோப்பு, ஹெட்போன் பஞ்சு ஒரு ஜோடி.

15, செவ்வாய்

மூணு நாளா கேக்காம இருந்தேன். இன்னைக்குக் கீரை ஆயும்போது கேட்டுட்டேன், அன்னைக்கு அவன்கிட்ட என்னட்டி சொன்னன்னு.

"திட்டுறதுக்குக் கூப்பிடல, வலிச்சுது, அதான் கூப்பிட்டேன்னு சொன்னேன்."

அப்ப சேர்ந்து இருக்கலாம்லான்னு கேட்டேன். கெஞ்சினேன்னுதான் சொல்லணும். கீரையிலருந்து அவ கண்ணை எடுக்கல.

"முடியாதுக்கா. அதையும் சொல்லிட்டேன்."

நாளைக்கு வக்கீல் ஆபீசு, திருநெல்வேலியில. விவாகரத்துக்கு ரெண்டு பேரும் சம்மதம்னு ஒண்ணா எழுதிக் கொடுக்கப் போறாங்க. நான் வாரேன்னேன், வேண்டாம்னுட்டா. ஒரே பஸ்ல போறாங்களாம். ஏழரை வண்டியில கூட்டமா இருக்கும், முன்னாடியே போயி சீட் போட்டு வைக்கேன்னு அருள் சொல்லியிருக்கான்.